மூன்றாவது தடவையும் தள்ளிப்போன பதிவு

ஆலங்குடி,
புதன்கிழமை.

அன்புமொழி அப்பாவுக்கு, சந்தனமேரி எழுதுவது. மாதா காவலில் நானும் பிள்ளையும் நன்றாக இருக்கிறோம். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? உடம்பு நடுக்கம் குறைந்திருக்கிறதா? அங்கே ஆஸ்பத்திரியில் உங்களுக்குப் போன் கொடுப்பதில்லை என்பதால்தான் எழுதுகிறேன். படித்துவிட்டுப் பதறாதீர்கள்.

வீட்டுப் பத்திரப் பதிவு திங்கட்கிழமையும் நடக்கவில்லை. நம் வீட்டை வாங்க ஆனியில் அட்வான்ஸ் கொடுத்த ரத்தினவேல் அண்ணன், ஆடியில் பதிய மாட்டேன் என்றார். சரி என்றேன். ஆவணியில் அவருக்குக் கடன் கொடுக்கும் பேங்கில் தாய்ப்பத்திரம் கேட்டார்கள். நகல் வாங்க நாயாய் அலைந்தேன். திங்களன்று சாட்சிகளோடு ரிஜிஸ்டர் ஆபீசில் போய் உட்கார்ந்த பிறகு அவரிடமிருந்து போன். அவர் மாமனார் பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாராம், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம்.

மறுநாள் நேரிலேயே போய், "அண்ணே, வாங்க மனசில்லன்னா சொல்லிருங்க, நான் வேற ஆள் பாக்குறேன்" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. "வாங்காம எங்கிட்டுத்தா போகப் போறேன்? ஆனா பேங்க்ல இன்னொண்ணு சொல்றாங்க. பவரை வச்சு ஒத்துக்க மாட்டாங்களாம். வீட்டுக்காரரே வந்து கையெழுத்துப் போடணுமாம்" என்றார். நீங்கள் போகும்போது எனக்கு எழுதிக் கொடுத்த பவர் பத்திரத்தை நம்பித்தான் இவ்வளவு நாளும் ஓடினேன்.

குடியை விட்டு நீங்கள் திரும்பி வரும்போது இந்த வீடு நம்முடையதாக இருக்கக் கூடாது என்றுதான் அவசரப்பட்டேன். தெரு முனையில் அந்தக் கடை அப்படியேதான் இருக்கிறது. உங்களோடு அங்கே குடித்துக்கொண்டிருந்த செம்மல் தினமும் சாயங்காலம் வாசலில் வண்டியை நிறுத்தி, "அண்ணன் எப்ப வாராரு?" என்று கேட்கிறார். பாசமாகத்தான் கேட்கிறார். அதுதான் எனக்குப் பயம்.

குளத்தூரில் நாம் வாடகைக்குப் பேசி வைத்திருக்கும் வீட்டுக்காரம்மாவும் எவ்வளவு காலம் பொறுப்பார்கள்? அன்புமொழி ஜூனிலிருந்து இரண்டு பஸ் மாறி குடிபோவதை நம்பி அங்கே சேர்த்த பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். ஒருநாளும் முணுமுணுத்ததில்லை. நேற்றுத்தான், "அம்மா, அப்பா வரும்போது நாம இங்கயாம்மா இருப்போம்?" என்றாள். இல்லை என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நானே ஒரு முடிவுக்கு வந்தேன்.

பதிவு நடந்தாலும் சரி, நடக்காவிட்டாலும் சரி, அடுத்த வியாழக்கிழமை சாமான்களைக் குளத்தூருக்கு ஏற்றிவிடப் போகிறேன். வாடகைக்கு ஏதாவது வழி பண்ணிக்கொள்வேன். அதற்கு மறுநாள் வெள்ளிக்கிழமை பதிவு. மாமனாருக்குத் தேவலை, கண்டிப்பாக வருகிறேன் என்று ரத்தினவேல் அண்ணன் சொல்லியிருக்கிறார். உங்கள் டாக்டரிடம் பேசினேன். ஒரு நாள் அனுப்புவதாகச் சொன்னார். கையெழுத்துப் போட்டதும் அப்படியே ஆஸ்பத்திரிக்குத் திரும்பிவிடலாம். நம் தெருவுக்குள் போக வேண்டிய வேலையே இல்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் உங்களைக் கூட்டிப் போக நானே திருச்சிக்கு வருகிறேன். தனியாக வரத் தெரியாதா என்று கோபப்படாதீர்கள். தனியாக வர உங்களுக்குத் தெரியும். பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வந்து எவ்வளவோ காலமாயிற்று, அதற்காகத்தான். வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

மாதா உங்கள் கையை விடாமல் பிடித்துக்கொள்ளட்டும்.

உங்கள்
சந்தனமேரி