பிட்புல் கிராஸ்

ஜூன் 12, வியாழன்.

எங்கள் நாய் முறுக்கு எங்களோடு லண்டனுக்குக் குடிவர முடியாது. திருவிடந்தைக் கடற்கரையில் கிடைத்த தெருநாய்தான். ஜாதி நாய் என்றால் எங்கள் படூர் அபார்ட்மென்டில் மதிப்பு என்று, தடுப்பூசிப் புத்தகத்தில் 'பிட்புல் கிராஸ்' என்று டாக்டரிடம் சொல்லி எழுத வைத்தவர் என் கணவர்.

நாய்களை விமானத்தில் அனுப்பும் ஏஜென்ட் இன்று அந்தப் புத்தகத்தைப் பார்த்ததும் மூடிவிட்டார். "ஆபத்தான ஜாதின்னு இதுக்கு அங்க தடை மேடம். டாக்டர் சீலு வேற கீது."

"சும்மா கெத்துக்கு எழுதுனது சார்" என்று இவர் இளித்தார்.

வீட்டுக்கு வந்ததும் என்னிடம், "உன் தங்கச்சி வூட்ல வுட்டுடலாம்" என்கிறார், போனிலிருந்து கண்ணை எடுக்காமலே.

குக்கர் விசிலுக்கே கட்டிலுக்கடியில் ஒளிகிற நாய். அது ஆபத்தானதாம். பொய் சொன்னவருக்கு விசா வந்துவிட்டது.