ஃபிரிட்ஜில் ஒட்டிய அட்டை

ஆர்டன் ஃபால்ஸ், நெப்ராஸ்கா
டிசம்பர் 13, 1986

அன்பு மகள் இங்கிரிட்டுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. அலாஸ்கா குளிரில் நீ சுகமாக இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி.

கிறிஸ்துமஸுக்கு எந்த ஊருக்கு வரட்டும் என்று நீ கேலியாகத்தான் கேட்டிருந்தாய், எனக்குச் சுருக்கென்றது. இந்தச் சின்னக் கல்லூரியில் உன் அப்பாவே மைதானத்துக்குக் கோடு போட்டு, பையன்களின் சட்டைகளை என் மெஷினில் துவைத்து, இந்த வருஷம் பத்து ஆட்டத்தில் ஒன்பதை ஜெயித்துவிட்டார். ஃபுட்பால் கோச்சுக்கு வாழ்க்கைப்பட்டால் தோற்றாலும் மூட்டை கட்ட வேண்டும், ஜெயித்தாலும் கட்ட வேண்டும். பயந்தபடியே கான்சஸிலிருந்து ஒரு பெரிய கல்லூரி கூப்பிட்டது, வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். அவர் முடிவு சொல்வதற்கு முன்பே நானாகவே தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்ற ஆரம்பித்துவிட்டேன், ஆறு ஊர் மாறிய கை அல்லவா.

வியாழக்கிழமை அவர் அடுத்த வருஷ அணிக்கு ஒரு பையனைச் சேர்க்க அவன் வீட்டுக்குப் போனார். அந்தப் பையனின் அம்மா திருமதி வோபோரில் என்பவள் பன்றி வறுவலைப் பரிமாறிவிட்டு, அவன் படிக்கிற நாலு வருஷமும் நீங்கள் இருப்பீர்களா என்று கேட்டாளாம். எல்லா அம்மாக்களும் கேட்பதுதான், எல்லா கோச்சுகளும் இருப்பேன் என்பதுதான், உன் அப்பாவும் ஆறு ஊரில் சொன்னவர்தான். ஆனால் இவள் விடவில்லை, எழுதிக் கொடுங்கள் என்றாளாம். இவரும் வாயில் வறுவலோடு தன் பெயர் அச்சடித்த அட்டையின் பின்னால் நாலு வருஷமும் இருப்பேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றார். "அதை ஃபிரிட்ஜ்ல ஒட்டிட்டா, லோர்னா. தினம் பாப்பாளே" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. இருபத்தாறு வருஷத்தில் எனக்கு ஒரு வரி எழுதித் தந்தாரா? கேட்டும்விட்டேன். "நீ கேக்கவே இல்லியே" என்கிறார். உண்மைதான், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

நேற்று கான்சஸுக்கு ஃபோன் செய்து, வரவில்லை என்று சொல்லிவிட்டார். தட்டுகளை அலமாரியில் அடுக்கினேன், இரண்டை மறுபடி சுற்றினேன், திரும்ப எடுத்தேன். அவரும் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டே இருக்கிறார்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. கர்த்தர் உன்னைக் காப்பாராக. நீ வர வேண்டியது இந்த ஊருக்குத்தான், போன முறை வந்த அதே வீட்டுக்கு. காலிப் பெட்டிகளை மடித்துக் கார் கொட்டகையில் வைத்திருக்கிறேன். வந்ததும் அவற்றை நீயே தூக்கி எறிந்துவிடு, எனக்குக் கை வரவில்லை.

உன் அம்மா,
லோர்னா ஹால்வர்சன்