பூசணி இலையில் மஞ்சள்

1996 ஆகஸ்ட் 11, ஞாயிறு

ரஞ்சியின் ராட்சதப் பூசணிக்கு வந்திருப்பது வைரஸ். மருந்தே கிடையாதாம். இலைகள் மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாகி ஓரம் சுருண்டதைப் பார்த்து, உரம் போதவில்லை என்றுதான் இருவரும் நினைத்திருந்தோம். இன்று ஓர் இலையைப் பையில் போட்டு ஜான்-டலோன் சந்தைக்குக் கொண்டுபோனேன். நாற்று விற்கும் பெண் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். கொடியோடு பிடுங்க வேண்டுமாம். விட்டால் பூச்சிகள் அதை அடுத்த தோட்டத்துக்கும் பரப்பிவிடுமாம்.

வீட்டுக்கு வந்தபோது ரஞ்சி காய்க்கு அடியில் வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தாள். வசந்தத்தில் எங்கள் குழந்தை அவள் வயிற்றிலேயே போன பிறகு, காலையில் அவளை எழும்ப வைப்பது இந்தக் காய் ஒன்றுதான்.

"என்னவாம்?" என்று கேட்டாள்.

"உரம் காணாதாம்." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அப்பாடா! நான் பயந்தே போனன்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு காலம்.

இரவு சாப்பிடும்போது சொன்னாள்: "பக்கத்து வீட்டு மனுசியின்ர சுக்கினி இலையும் சுருளுது. பாவம், உரம் போடச் சொல்லிப்போட்டு வந்தன்."

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். அந்த மனுசி வேலி ஓரம் முழுக்கப் பூசணி இனத்துச் சுக்கினியும் வெள்ளரியும் போட்டிருக்கிறா.

எழுப்பிச் சொல்லிவிடலாம் என்று சற்றுமுன் அறைவாசல் வரை போனேன். ரஞ்சி மண் போகாத விரல்களைக் கன்னத்தில் வைத்தபடி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். விளக்கைப் போடாமலே திரும்பி வந்துவிட்டேன்.