போகாமலே டிக் போட்ட கோள்

நேற்று ஷிப்ட் முடியும் நேரத்தில், வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்கூட ஆகாத ஒரு பெண் செக் ஷீட்டை நிரப்பிக்கொண்டிருந்தாள். மணிக்கு ஒரு முறை மெஷினைப் பார்த்துவிட்டுப் போட வேண்டிய எட்டு டிக்கையும் ஒரே மூச்சில் போட்டாள். யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். பக்கத்து லைனைப் பார்த்துக் கற்றிருப்பாள், நான் கற்றதுபோல. லைன் லீடராக நான் கையெழுத்துப் போட வேண்டிய தாள் அது. பேனாவைத் திறந்ததும் உன் குரல் கேட்டது. "அந்தக் கிரகத்துல வானம் என்ன கலர், சொல்லு பார்ப்போம்."

சூளகிரிப் பக்கத்து ஹாஸ்டலில் எட்டுப் பேருக்கு ஓர் அறை. எல்லோருடைய பெட்டியிலும் துணி இருந்தது. உன் பெட்டியில் துணிக்கு அடியில், பள்ளிக்கூடத்தில் அரசு கொடுத்த லேப்டாப் இருந்தது. பேட்டரி செத்துப்போய், சார்ஜர் பின்னுக்கு ஒரு ஹேர்பின்னை முட்டுக் கொடுத்தால் மட்டும் உயிர் வரும். அதில் நீ ஒரு விண்கப்பல் ஓட்டிக்கொண்டிருந்தாய். நீயே எழுதிய புரோகிராம்.

"கேமா?" என்று கேட்டேன்.

"சுடறது, சாவறது எதுவும் இல்ல. போலாம், இறங்கலாம், நடக்கலாம். அவ்ளோதான்."

அந்த லேப்டாப்பில் நாலு படம் ஏற்றினாலே திணறும். அதனால் நீ எந்தக் கோளையும் அதற்குள் வைக்கவில்லை. கோளுக்கு ஓர் எண் மட்டும்தான். நாம் கிட்டே போகும்போது, அந்த எண்ணிலிருந்து கணக்குப் போட்டு மலையும் பள்ளமும் உருவாகும். விட்டு வந்தால் அழிந்துவிடும். மறுபடி போனால் அதே மலை அதே இடத்தில் வர வேண்டும். வருகிறதா என்று பார்க்க உனக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது.

"நீதான் டெஸ்டர். சம்பளம் கிடையாது."

"ஏட்டி, ஜன்னல் சீட்டாவது தருவியா?"

"ஏட்டியாம் ஏட்டி! திருநெல்வேலிக்காரிக்கு ஜன்னல் சீட்டு வேற."

ஐம்பது கோள்கள். எதிலும் மரம் இல்லை, பிராணி இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, "யானை வராத ஊரு ஒண்ணாச்சும் இருக்கட்டும்" என்றாய். தேன்கனிக்கோட்டையைத் தாண்டி உன் அப்பா ராகிக் கொல்லைக்குக் காவல் கிடக்கிறார் என்பது எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

டெஸ்ட் செய்வதற்கு நீ நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாய், அச்சு அசல் கம்பெனி செக் ஷீட் மாதிரி. கோளுக்கு நான்கு கட்டம். தரையில் ஓட்டை இல்லை. பாறை அந்தரத்தில் நிற்கவில்லை. வெளிச்சம் ஒரே பக்கமிருந்து வருகிறது. மறுபடி போனாலும் அதே இடம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மற்றவர்கள் துணி துவைக்கப் போனதும் நான் உட்காருவேன். பன்னிரண்டாம் கோளில் தரையைக் கிழித்துக்கொண்டு விழ ஆரம்பித்தவள், விழுந்துகொண்டே இருந்தேன். நீ மேல் கட்டிலிலிருந்து தலையைத் தொங்கவிட்டுச் சிரித்தாய். "ஏறி வாடி, சோறு ஆறுது."

வாரத்தில் ஆறு நாள் என் கண்ணுக்கு எதிரே டார்கெட் போர்டு எரியும். அந்த ஏழாம் நாளில்தான் யாரும் விரட்டாமல் ஒரு மலையைச் சுற்றி நடந்தேன்.

நாற்பத்தேழாம் கோள் ரொம்பத் தூரம். முழுசாக நாற்பது நிமிடம் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். வேகத்தைக் கூட்டச் சொன்னால், "தூரம்னா தூரம்தான்" என்பாய். நான் போகவில்லை. நான்கு கட்டத்திலும் டிக் போட்டு நோட்டைக் கொடுத்தேன். நீ பார்த்தாய்.

"நாப்பத்தேழுல வானம் என்ன கலர்?"

"நீலம்."

"அதுல காத்தே இல்லடி. பகல்லயும் வானம் கறுப்பு."

அறையே சிரித்தது. நீ சிரிக்கவில்லை. ரப்பரை எடுத்து நான்கு டிக்கையும் அழித்தாய். "லைன்லதான் பொய் டிக் போட்டுச் சாவறோம். இங்கயுமா? பார்க்கலன்னா காலியா விடு."

அந்த மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது.

ஹாஸ்டலிலும் ஒரு செக் ஷீட் உண்டு. தினமும் காலையில் ரூம் லீடர் ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் "நலம்" என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும். நான்தான் ரூம் லீடர். நலமில்லை என்று எழுதினால் டாக்டரிடம் அழைத்துப்போவார்கள் என்று நினைப்பவர்கள் ஹாஸ்டலில் இருந்ததில்லை. ஊருக்கு பஸ் ஏற்றிவிடுவார்கள். குணமாகித் திரும்பி வந்தால் கேட் பாஸ் வேலை செய்யாது. காண்ட்ராக்ட் பெண்கள் எத்தனையோ பேர் அப்படி வாசலோடு திரும்பிப் போயிருக்கிறார்கள்.

"டிக் போட்டுருடி. மாத்திரை போட்டிருக்கேன், சரியாயிடுச்சு."

"ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"சும்னிரு." உனக்குக் கோபம் வந்தால் கன்னடம்தான் வரும்.

சும்மா இருந்தேன். கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. உன் நெற்றியைத் தொட்டுப் பார்க்காமல் டிக் போட்டேன். மறுநாளும் போட்டேன். அதற்கு மறுநாளும். அன்று லைனிலேயே விழுந்தாய். ஓசூர் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் உயிரோடு இருந்தாய். அவ்வளவுதான்.

ஆபீஸில் உன் அப்பா நின்றுகொண்டுதான் இருந்தார். நாற்காலி காலியாக இருந்தது, யாரும் உட்காரச் சொல்லவில்லை. ஹெச்.ஆர். அந்த ரிஜிஸ்டரை அவர் பக்கமாகத் திருப்பினார். "பாருங்க, மூணு நாளும் நல்லா இருந்ததாத்தான் பதிவாகியிருக்கு. இதோ, இந்தப் பொண்ணு போட்ட டிக்." காய்ச்சலோடு வேலைக்கு ஓட வைத்த ஒரு கம்பெனி, என் மூன்று டிக்குக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. அதற்காகத்தான் அந்தத் தாளையே அச்சடித்திருக்கிறார்கள்.

"நீயாம்மா போட்டே?" என்று கேட்டார் உன் அப்பா.

"ஆமாங்கப்பா."

ஏன் என்று சொல்வதற்கு எனக்கு ஆறு மாதம் ஆனது. தேன்கனிக்கோட்டை பஸ் ஏறி, அங்கிருந்து நடந்து உங்கள் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். உன் அப்பா கொல்லையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அவதான் போடச் சொல்லியிருப்பா. பத்து வயசுலயே காய்ச்சல மறைச்சிட்டு ஸ்கூலுக்குப் போனவ." பிறகு என் பக்கம் திரும்பி, "ஆனா நீ தொட்டுப் பார்த்திருக்கலாம்மா" என்றார்.

அவர் அதைச் சொன்னது நல்லது. அதுவரை யாரும் சொல்லவில்லை. கிளம்பும்போது லேப்டாப்பைக் கையில் கொடுத்தார். "இது ஆன் ஆவல. நீயே எடுத்துட்டுப் போ." நோட்டு அதோடு இருந்தது. இரண்டையும் நான் இப்போது தங்கியிருக்கும் மூக்கண்டப்பள்ளி அறைக்குக் கொண்டுவந்து பரண்மேல் வைத்தவள், இரண்டு வருடமாகத் தொடவில்லை.

நேற்று அந்தப் பெண்ணிடம், "நாலாவது மணியில டெம்பரேச்சர் எவ்வளவு இருந்துச்சு?" என்று கேட்டேன். மெஷின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "பார்க்கலன்னா காலியா விடு" என்று புதுத் தாள் கொடுத்தேன். கடைசி மணிக்கு மட்டும் போய்ப் பார்த்து ஒரு டிக் போட்டாள். அதற்குக் கையெழுத்துப் போட்டேன். சூப்பர்வைசர் குதித்தார். "ஏழு கட்டம் காலியா இருக்கு! ஆடிட் வந்தா என்ன சொல்றது?"

"பார்க்கலன்னு சொல்லுங்க சார்."

லைன் லீடராக இன்னும் எத்தனை நாள் இருப்பேனோ தெரியாது.

இன்று காலை ஹேர்பின்னை முட்டுக் கொடுத்தேன். இரண்டாவது முயற்சியில் உயிர் வந்தது. நாற்பத்தேழு என்று அடித்துவிட்டு உட்கார்ந்தேன். நாற்பது நிமிடமும் கரண்ட் போய்விடக் கூடாதே என்று பல்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். போகவில்லை. இறங்கினேன். வெயில் கண்ணைக் கூச அடித்தது, மேலே வானம் கறுப்பு. நீ சொன்னதுபோலத்தான். குட்டையான மலை ஒன்று. அதைச் சுற்றி மெதுவாக நடந்தேன். தரையில் ஓட்டை இல்லை. பாறை எதுவும் மிதக்கவில்லை. எல்லா நிழலும் ஒரே பக்கம் விழுந்தது.

நோட்டைத் திறந்தேன். நீ ரப்பர் வைத்து அழுத்தி அழித்த இடத்தில் தாள் இன்னும் மெலிந்து கிடக்கிறது. அதன்மேல் மூன்று டிக் போட்டேன். நான்காவது, மறுபடி போனாலும் அதே இடம்தானா என்பது.

அதை இன்னும் பார்க்கவில்லை. காலியாக விட்டிருக்கிறேன்.