படகுத்துறையில் காத்திருப்பவன்

அன்புள்ள மனைவிக்கு,

அக்கா வீட்டில் நீ நலம் என நம்புகிறேன். நான் நலமா என்ற கேள்வியை இப்போதைக்கு ஒத்திவைக்கிறேன். அடுப்பில் பால் தினமும் பொங்கி வழிகிறது என்பதைத் தகவலுக்காக மட்டும் தெரிவிக்கிறேன்.

சென்ற ஞாயிறு நடந்த பாய்மரப் படகுப் போட்டியில், பல் டாக்டரின் படகுக்கு நீ வழிவிட்டிருக்க வேண்டும் என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. விதி தெளிவானது. ஆகவே நடுவர் என்ற முறையில் உன்னைத் தகுதிநீக்கம் செய்தேன். ஆனால் விசாரணையில், "நடுவருக்கும் உங்களுக்கும் ஏதாவது உறவு உண்டா?" என்று வழக்கப்படி நானே உன்னிடம் கேட்டது சற்று அதிகப்படிதான். "இந்த நிமிஷம் வரைக்கும் பொண்டாட்டி" என்றாய். கிளப்பே கொல்லென்று சிரித்தது. அதை நான் குறிப்பில் சேர்க்கவில்லை.

இந்தப் பருவத்தில் இன்னும் இரண்டு போட்டிகள் உள்ளன. உன் படகில் துணையாளாக வந்த உன் தம்பியோ டாக்டர் படகுக்குத் தாவிவிட்டான். தனியாகப் போட்டியிட விதி இடந்தராது.

எனவே நேற்று நடுவர் பதவியிலிருந்து விலகினேன். போட்டியாளர் என் மனைவி என்பதே காரணம் என்றதற்குச் செயலாளர், "இது இப்பதான் தெரிஞ்சுதா சார்?" என்றார்.

வரும் ஞாயிறு காலை லைஃப் ஜாக்கெட்டுடன் படகுத்துறையில் நிற்பேன். எனக்கு நீச்சல் தெரியாது. கயிறுகளைப் பற்றிய அறிவும் புத்தகத்தோடு சரி. எடை மட்டும் தாராளமாக இருக்கிறது. காற்று பலமாக அடித்தால், படகு சாயாமலிருக்க நீ சொல்லும் பக்கம் நகர்ந்து உட்காருவேன். என்னை ஏற்றிக்கொள்வதா, கரையிலேயே விட்டுச் செல்வதா என்பது முழுக்க உன் முடிவு. மேல்முறையீடு செய்ய மாட்டேன்.

இப்படிக்கு,
நீ சொன்ன பக்கம் உட்காரச் சம்மதிக்கும்,
உன்னவன்