வெள்ளி வேலும் ஒரு மிடறு தீர்த்தமும்

முந்தாநாள் விளக்குத் துலக்கலாமென்று சாமித் தட்டை ஒதுக்கியபோது, திருநீற்று டப்பாவுக்குப் பின்னால் அது கையில் தட்டுப்பட்டது. மஞ்சள் துணியில் சுற்றிய வெள்ளி வேல். விரல் நீளம்கூட இல்லை. துணியைப் பிரித்ததும் கற்பூர வாசம் எழுந்தது. திருவிழாவில் நீங்கள் நாக்கில் குத்திக்கொண்ட அலகு.

இதைப் பார்த்தால் பெண்டாட்டிக்கு அழுகை வர வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது. நீங்கள் இருந்தபோது நான் வாயைத் திறந்தாலே “சும்மா இரு புள்ள” என்பீர்கள். இப்போது அப்படிச் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன்.

நம் மகள் நாலு வயது தாண்டியும் பால்போத்தலை விடவில்லை. நான் பிடுங்கி ஒளித்துவைப்பேன். தேயிலை ஸ்டோரில் இலை அரைக்கிற வேலை முடிந்து நீங்கள் வந்ததும் இடுப்புச் சாரத்தைப் பிடித்து இழுத்து அழுவாள். “குடு புள்ள, லயத்துல பத்து வீட்டுக்கும் கேக்குது. பாலுதானே கேக்குறா, கள்ளா கேக்குறா?” என்று சிரித்துக்கொண்டே நீங்களே தேடி எடுத்துக் கொடுப்பீர்கள். அந்தச் சிரிப்புக்கு முன்னால் நான்தான் எப்போதும் கல்நெஞ்சுக்காரி.

அவளுக்குப் பால்பல் விழுந்து முளைத்த முன்பற்கள் ஒன்றையொன்று தொடவே இல்லை. கடைவாயை இறுக்கிக் கடித்தாலும் முன்னால் ஒரு சுண்டுவிரல் நுழையும். தண்ணீர் குடித்தாலும் வெறும் எச்சிலை விழுங்கினாலும் நாக்கு அந்தச் சந்தில் வந்து பற்களைத் தள்ளும். உதடு இறுகி அதை மூடப் பார்க்கும். கோயிலுக்குப் பூக்கட்டும்போது நாங்கள் எல்லோரும் நூலைப் பல்லால் நறுக்குவோம். அவள் கடிப்பாள், நூல் அறாது. கடைவாயில் ஒதுக்கி வைத்து மென்றுகொண்டிருப்பாள். “ஏய் ஜன்னலு, ஆடு மாதிரி திங்காத” என்று கூட இருந்த பிள்ளைகள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள், கையால் வாயைப் பொத்திக்கொண்டு.

அவளுக்கு எட்டு வயதில், பள்ளிக்கூடத்துக்குப் பல் பார்க்க வந்த சிங்கள மிஸ் என்னைக் கூப்பிட்டனுப்பினார். பிள்ளைக்கு ஒரு கோப்பைத் தண்ணீர் கொடுத்து, அவள் குடிப்பதை என்னைப் பார்க்கச் சொன்னார்.

“பல்லு சும்மா இப்பிடி வரல்ல அம்மா. போத்தல்ல குடிச்ச பழக்கம், முழுங்குறதுதான் பிழை. நாக்கு முன்னுக்குத் தள்ளுது. இப்ப சின்ன வயசுதானே, பழக்கினா சரிவரும். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. லேட் பண்ண வேணாம்.”

ஓட்டமாக வந்து உங்களிடம் சொன்னேன். நீங்கள் தேத்தண்ணியை வைத்துவிட்டு எழுந்துபோய், தோட்டத்து மாரியம்மன் கோயிலில் விழுந்து கும்பிட்டு வந்தீர்கள். “நேந்துட்டேன். அஞ்சு வருசம் என் நாக்குல அலகு குத்துறேன். எம்புள்ள நாக்க ஆத்தா அடக்கிருவா.”

நானும் அதே அம்மனுக்கு வெள்ளி தவறாமல் விரதம் இருக்கிறவள்தான். உங்கள் வேண்டுதலை நான் ஒரு நாளும் குறைவாகச் சொன்னதில்லை. ஆனால் வீட்டு வரவு செலவை நாள் தவறாமல் எழுதுகிற கை இது. நேர்த்தி ஒரு கணக்கு, வைத்தியம் இன்னொரு கணக்கு, ஒன்றைக் கட்டினால் மற்றது அடைபடாது என்றேன். “நேந்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போனா ஆத்தாவ நம்பலைன்னுதானே அர்த்தம்?” என்றீர்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். கைபேசியில் எழுத்துக்கூட்டி வாசித்து, நாக்கு எங்கே இருக்க வேண்டும், விழுங்கும்போது பல் எப்படிச் சேர வேண்டும் என்று படித்ததை உங்களுக்குச் சொல்ல வந்தால், “டொக்டரம்மா வந்துட்டா, எந்திரிச்சு நில்லுங்க” என்று உங்கள் தம்பியிடம் கண்ணடிப்பீர்கள்.

முதல் வருடத் திருவிழா. தப்புச் சத்தத்துக்கு நடுவே, மஞ்சள் வேட்டியில், நாக்கில் வேலோடு நீங்கள் வந்தபோது எனக்கும் உடம்பு சிலிர்த்தது. பொய் சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் நாக்கு வீங்கிக் கிடந்தது. கஞ்சியை ஆற்றிக் கரண்டியால் கொடுத்தேன். ஒவ்வொரு வாய்க்கும் உங்கள் நாக்கு பல்லுக்கு வெளியே வந்து வந்து போனது. மகள் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கைதட்டிச் சொன்னாள்: “அம்மா, அப்பா என்னய மாதிரியே முழுங்குறாரு!” நீங்கள் வலியோடு சிரித்தீர்கள். உங்களுக்கு மூன்று நாளில் வீக்கம் வடிந்தது. அவளுக்கு?

மூன்று திருவிழா குத்தினீர்கள். ஒவ்வொரு வருடமும் அவளை மடியில் இருத்தி வாயைத் திறந்து பார்த்து, “கொஞ்சம் கிட்ட வந்துருச்சுல்ல?” என்று கேட்பீர்கள். வரவில்லை. விலகிக்கொண்டுதான் போனது. உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு நான் அடுப்படிக்கு எழுந்து போவேன். பிறகு ஒரு நாள் ஸ்டோரில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்கள். அவ்வளவுதான்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டொக்டர் நல்ல மனிதர், திட்டவில்லை. “முந்தியே வந்திருந்தா லேசா முடிஞ்சிருக்கும். இப்ப கம்பி போடணும். கம்பி மட்டும் போட்டா பத்தாது. நாக்கு பழகலைன்னா, கம்பியக் கழட்டினதும் பல்லு பழைய இடத்துக்கே போயிரும்” என்றார். அன்றிலிருந்து காலையும் மாலையும் அவள் கண்ணாடி முன்னால் நிற்கிறாள். நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் ஈறில். ஒரு மிடறு தண்ணீர். கடைவாய் சேர வேண்டும், உதடு அசையாமல் விழுங்க வேண்டும். தண்ணீர் வழிந்து சட்டை நனையும். துடைத்துவிட்டு மறுபடி நிற்பாள்.

போன வாரம் உங்கள் தம்பி வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு பேசினார்.

“அண்ணி, போன திருவிழா துக்க வருசம்னு விட்டாச்சு. இந்தத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டப் போறாங்க. அண்ணே அஞ்சு வருசத்துக்கு நேந்தது ஊருக்கே தெரியும். மிச்சத்தப் பாப்பாதான் குத்தணும். அவ நாக்குக்காகத்தானே நேந்தாரு.”

“தம்பி, அந்த நாக்கோடதான் நாங்க ரெண்டு வருசமா மல்லுக்கட்டிட்டு இருக்கோம். அதுலயா ஓட்ட போடணும்?”

“ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரின்னு நீங்க அரிச்ச அரிப்புலதான் ஆத்தா கோவிச்சுக்கிட்டாளோ என்னமோ. அண்ணே போனதே அதனாலதான்னு லயத்துல பேசிக்கிறாங்க.”

உங்கள் தம்பி அல்லவா, வார்த்தையை எங்கே குத்த வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. உள்ளேயிருந்து மகள் வந்தாள். பதின்மூன்று வயது, வாயில் கம்பி. “நான் குத்திக்கிறேம்மா. அப்பா எனக்காக எவ்வளவு வலி தாங்குனாரு” என்றாள்.

அந்த நிமிடம் உங்கள்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத எனக்குத் தமிழ் போதாது. வலியை நீங்கள் தாங்கினீர்கள். கடனை அவள் தலையில் வைத்துவிட்டுப் போனீர்கள்.

நேற்று அந்த வெள்ளி வேலை எடுத்துக்கொண்டு அவளையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். பூசாரி ஐயா அதைத் தட்டில் வாங்கிக்கொண்டு, “கொறை வைக்கலாமாம்மா?” என்று கேட்டார்.

“கொறையின்னா அது அவரு கொறை சாமி. அவரு இப்ப ஆத்தாகிட்டத்தான் இருக்காரு. அவுங்க ரெண்டு பேரும் பேசித் தீத்துக்கட்டும். எம்புள்ள நாக்குல ஊசி ஏறாது.”

அவர் வேலைத் தட்டோடு அம்மன் காலடியில் வைத்துவிட்டு, தீர்த்தச் செம்போடு வந்து மகளின் கையில் ஊற்றினார். வாயில் ஊற்றிக்கொண்டு நிமிர்ந்தாள். நான் அம்மனைப் பார்க்கவில்லை, அவள் உதட்டைப் பார்த்தேன். அசையவில்லை. தொண்டை மட்டும் ஒரு தடவை ஏறி இறங்கியது. கண்ணாடி இல்லாமல், நான் சொல்லாமல்.

ஒரு மிடறுதான். பல் இன்னும் சேரவில்லை; மாலை கட்டினால் நூலை நான்தான் கடித்துக் கொடுக்கிறேன். எட்டு வயதில் படித்திருக்க வேண்டிய பாடத்தை இப்போது கம்பியோடும் புண்ணோடும் படிக்கிறாள். யார் தண்ணீர் குடித்தாலும் என் கண் அவர்கள் உதட்டுக்குத்தான் போகிறது. உங்கள் நேர்த்தியில் எனக்கு மிஞ்சியது இந்தப் பழக்கம்தான்.

உங்கள் படத்துக்கு முன்னால் விளக்கு ஏற்றிவிட்டேன். அது என் கடமை, தவற மாட்டேன். மன்னித்துவிட்டேன் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதீர்கள். அவள் ஒரு நாள் நூலைப் பல்லால் நறுக்கிக் காட்டட்டும், அப்புறம் பார்க்கலாம்.