முளைக்காத கடைவாய்ப்பல்

அச்செடுக்கும் சுண்ணக்கலவையின் ஈர வாசம் இன்று காலை ஆய்வுக்கூடம் முழுக்க அடித்தது. உனக்குப் பிடித்த வாசம். எனக்கோ தலைவலி வரும். ஆனாலும் இன்று சன்னலைத் திறக்க மனம் வரவில்லை. மேசையில் நம் தாடை இருந்தது, சுண்ணாம்புக் குகை மண்ணிலிருந்து நீயும் நானும் சேர்ந்து எடுத்த அந்தப் பாதித் தாடை.

அதற்காக நாம் போட்ட சண்டை கொஞ்சமா? நான் ஓராங் ஊத்தான் குரங்கின் தாடை என்றேன். அளவு ஒத்துப்போனது, அது போதும் எனக்கு. நீ ஒப்பவில்லை. ஓராங் ஊத்தானின் கடைவாய்ப்பல் மேலெல்லாம் மெல்லிய சுருக்கம் இருக்கும், மென்று தேய்ந்தால் போய்விடும். வழவழப்பாகிப்போன பல்லை வைத்து எதையும் முடிவுகட்டாதே என்றாய். தாடைக்குள் முளைக்காத கடைசிப் பல் ஒன்று புதைந்திருக்கிறது, அதைப் பார்த்துவிட்டுப் பேசு என்றாய்.

"உள்ள இருக்கிறது இன்னும் ஒரு வாய்கூட மென்னதில்லடி. அதுக்கு மறைக்கத் தெரியாதுலா."

உனக்கும் அப்படி ஒரு பல் இருந்தது, ஈறுக்குள் படுத்துக்கிடந்த ஞானப்பல். பத்தாங் பெர்ஜுந்தாய் ஊர்ப் பல் டாக்டர் எடுத்துவிடச் சொன்னார். நீ எடுக்காமலேயே, அந்த எக்ஸ்ரேயை ஆய்வுக்கூடச் சுவரில் ஒட்டிவைத்து, வருகிறவர்களிடமெல்லாம் இது எந்தக் குரங்கு சொல் என்று கேட்டுக்கொண்டிருந்தாய்.

தாடையை ஸ்கேன் செய்ய நம் முறை வருவதற்குள் உனக்கு டெங்கி வந்தது. ஒரு வாரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. ரவாங் மின்சுடலையில் உன்னை எரித்தார்கள். மறுநாள் எலும்பு பொறுக்க உன் தம்பி என்னையும் அழைத்துப் போனான். சாம்பல் தட்டுக்கு முன்னால் வந்ததும் மண்கலயத்தோடு ஒதுங்கி நின்றான்.

"அக்கா, உங்களுக்குத்தான் எலும்பு தெரியும். நீங்களே எடுத்துக் கொடுங்க," என்றான்.

பால் தெளித்த சாம்பலில் காலிலிருந்து தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் என் கை வேலையில் இறங்கிவிட்டது. இது இடுப்பு, இது விலா என்று மனம் தானாகப் பிரித்தது. அதற்காக என்னை நானே வெறுத்தேன். மற்றப் பற்கள் நெருப்பில் நொறுங்கியிருந்தன. தாடைத் துண்டுக்குள் ஒளிந்திருந்த அந்த ஞானப்பல் மட்டும் முழுசாக இருந்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அதை வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். பல்லைப் பெட்டியில் போட்டுச் சீட்டு ஒட்டி வைப்பதுதானே நம் பிழைப்பு. சாம்பல் கரைக்கக் கோலசிலாங்கூர் ஆற்றுமுகத்தில் படகு நிற்கும்வரை கைக்குள்ளேயே இறுக்கிக்கொண்டிருந்தேன். உன் தம்பி கவனித்துவிட்டான்.

"அவ முழுசா போகட்டும்கா," என்றான்.

மண்கலயத்தில் போட்டுவிட்டேன்.

நேற்று ஸ்கேன் படம் வந்தது. முளைக்காத அந்தப் பல்லில் சுருக்கம் ஒன்றுகூட இல்லை. நாம் ஒப்பிட்டுப் பார்த்த எந்தப் பல்லிலும் இல்லாத வடிவம் அது. எப்போதோ அற்றுப்போன வேறொரு வாலில்லாக் குரங்கு. நீ சொன்னதுதான்டி சரி. எல்லாரும் கைதட்டினார்கள். நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். தோற்றுப்போனவளைக் கேலி செய்ய நீ இல்லையே.

வெளியூர் ஆய்வாளர்களுக்கு அனுப்புவதற்காகத் தாடையிலிருந்து எடுத்த அச்சு இப்போது காய்ந்துகொண்டிருக்கிறது. நாளை மறுபடியும் குகை மண் சலிக்க வேண்டும். மண்ணுக்குள் விரலில் பல் தட்டுப்படும்போதெல்லாம், எந்த விலங்கு என்று பார்ப்பதற்கு முன்னால், உன்னுடையதாக இருந்துவிடாதா என்று கை நின்றுவிடுகிறது.